ஊருக்குள் நிற்கும் ஆலை

மாயப் புனைவுகளில் புகைபோக்கி எங்கே நிற்கிறது என்று பார்ப்பது என் வழக்கம். திருப்பூர்ச் சாயக்கழிவு ஓடிய நொய்யல் ஆற்றின் கரையில் வளர்ந்தவனுக்கு அந்தப் பார்வை தானாக வந்துவிடுகிறது. ஆங்கில எழுத்தாளர் டோல்கீனின் 'தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' நாவலில், சாருமான் என்னும் மந்திரவாதி ஃபாங்கார்ன் காட்டு மரங்களை வெட்டித் தன் உலைகளுக்கு இரையாக்க, மர உருவினரான எண்டுகள் திரண்டு வந்து அவன் கோட்டையை வெள்ளத்தில் மூழ்கடிக்கிறார்கள். திரையரங்கில் அக்காட்சிக்குக் கைதட்டிய எனக்கு இன்று அதில் நிறைவில்லை. தொழிற்சாலை எதிரியின் கோட்டைக்குள் இருப்பதால், கோட்டை விழுந்ததும் சிக்கலும் தீர்ந்துவிடுகிறது.

அந்நாவலின் கடைசிப் பகுதியையே நான் பெரிதாக மதிக்கிறேன். போரை வென்று ஊர் திரும்பும் ஹாபிட்டுகள் என்னும் குள்ள மனிதர்கள், தங்கள் பழைய மாவு ஆலை இருந்த இடத்தில் சக்கரங்கள் நிறைந்த பெரிய ஆலை ஒன்று எழுந்து ஓடையைக் கழிவால் கெடுத்துக்கொண்டிருப்பதைக் காண்கிறார்கள். அதைக் கட்டியவன் அவ்வூர்க்காரனான லோத்தோ. பீட்டர் ஜாக்சனின் படங்களில் இந்த ஊர்திரும்பல் இல்லாமற்போனதை நான் பெரும் இழப்பாகவே கருதுகிறேன்.

நொய்யலின் குறுக்கே உள்ள ஒரத்துப்பாளையம் அணைக்குக் கீழே என் அப்பிச்சிக்கு, அதாவது அம்மாவின் அப்பாவுக்கு, தோட்டம் இருந்தது. பாசனத்துக்கென்று 1992இல் கட்டி முடிக்கப்பட்ட அந்த அணை, சில ஆண்டுகளிலேயே திருப்பூர்ச் சாயக்கழிவு தேங்கும் குட்டையானது. கிணற்று நீர் உப்பேறியது. தென்னைகள் குரும்பை உதிர்த்தன. அதே ஆண்டுகளில் என் மாமா ஒரு சாயப்பட்டறையில் வேலை பார்த்துத் தந்த பணத்தில்தான் நான் படித்தேன். 2011 ஜனவரியில் சாயப்பட்டறைகளை மூடும்படி சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்ட செய்தி வந்தபோது அப்பிச்சி கைகூப்பி வானத்தைக் கும்பிட்டார். சில நாட்களில் மாமா வேலையிழந்து வந்து அதே திண்ணையில் உட்கார்ந்தார். மகனைப் பார்த்து அப்பிச்சி கேட்டது ஒன்றே: "சாப்பிட்டியா சாமி?"

அத்திண்ணையைப் புரிந்துகொண்ட படைப்பாக எனக்குத் தோன்றுவது ஜப்பானிய இயக்குநர் மியாசாகியின் அசைவூட்டப் படமான 'பிரின்சஸ் மோனோனோகே' (1997). காட்டை அழித்து இரும்பு உருக்கும் எபோஷி, விலைமகளிர் விடுதிகளிலிருந்து பெண்களை மீட்டு வந்து வேலை தருகிறாள். தொழுநோயாளிகளைத் தன் கையால் பராமரிக்கிறாள். அவளுடைய துப்பாக்கிக் குண்டுதான் காட்டுப்பன்றித் தெய்வத்தின் உடலில் தங்கி அதைச் சாபம் பரப்பும் பேயாக்குகிறது. அவளை வெறுக்கவும் முடியவில்லை, மன்னிக்கவும் முடியவில்லை. முதலாளித்துவத்தை விமர்சிக்கும் கதை இந்த அளவுக்காவது நேர்மையாக இருக்க வேண்டும் என்பேன், ஏனெனில் டோல்கீன் கதையின் பெரும் எதிரியான, மோர்டோர் நாட்டின் இருண்ட அரசனுக்குத் தொலைவிலிருந்தே தெரியும் கண் உண்டு. ஒவ்வொரு பருவமும் பனியனுக்கு விலையைக் குறைத்துக் கேட்ட கடல்கடந்த வணிகர்களின் முகத்தை என் மாமா ஒருமுறைகூடப் பார்த்ததில்லை.

டோல்கீனின் கதையில் சாம் என்னும் ஹாபிட், எல்ஃப் இன அரசி தந்த மண்ணைத் தூவியதும் அடுத்த வசந்தத்திலேயே ஊர் மரங்கள் தழைத்துவிடுகின்றன. இங்கே பட்டறைகள் கழிவுநீரை வெளிவிடாமல் சுத்திகரிக்கும் முறைக்கு மாறிய பிறகும், நீரிலிருந்து பிரித்தெடுத்த கலவை உப்பும் கசடும் சாக்குகளில் கட்டப்பட்டுச் சுத்திகரிப்பு நிலையங்களுக்குள் குவிந்தன. அந்தச் சாக்குகளைப் பற்றிய மாயக்கதை ஒன்றைத் தமிழில் படிக்க நான் காத்திருக்கிறேன்.