அண்ணாவியாரும் திருமுருகனும்

2003-ல் வன்னியில், முல்லைத்தீவுப் பக்கத்து முள்ளியவளையில் எங்கள் ஒழுங்கையில் ஒரு வீட்டில்தான் ரீவி இருந்தது. மின்சாரம் இல்லை. வேப்பமரத்தடியில் சின்ன ஜெனரேற்றர் ஒன்று மண்ணெண்ணெயில் ஓடும். வவுனியாவில் இருந்து ஓமந்தைச் சோதனைச்சாவடி தாண்டி வருகிற யாராவது ‘மெட்டி ஒலி’ பதிந்த கசெற்றைக் கொண்டுவந்தால், அன்று பின்னேரமே முற்றத்தில் பாய் விரிந்துவிடும். ஐந்தாறு நாள் நாடகத்தை ஒரே மூச்சில் பார்ப்போம்.

ஒருநாள் சரோஜாவை மாமியார் ராஜம் வார்த்தையால் குத்திக்கொண்டிருக்கிற இடத்தில் ஜெனரேற்றர் விக்கி விக்கி நின்றுவிட்டது. ஒருவரும் எழும்பவில்லை. இருட்டுக்குள் இருந்து அம்மம்மா, "பாருங்கோ, அந்தப் பிள்ளை தேப்பனுக்கு ஒண்டும் சொல்லமாட்டாள்" என்றா. பக்கத்தில் இருந்த மாமி தன் கலியாணம் முடிந்த முதல் வருசக் கதையை மெல்லத் தொடங்கினா. அப்புறம் இன்னொருவர். எண்ணெய் வாங்கப் போன அண்ணா போத்தலோடு திரும்பி வந்தபோது, "கொஞ்சம் பொறு தம்பி, பிறகு போடு" என்று சொல்லிவிட்டார்கள்.

அந்த நாடகத்தை இயக்கியவர் திருமுருகன். கோபி என்ற பாத்திரத்தில் நடித்தவரும் அவர்தான். 2002 முதல் 2005 வரை சன் ரீவியில் 800 பாகங்களைத் தாண்டி ஓடியது. டெல்லி குமார் நடித்த சிதம்பரம் என்ற தகப்பன், தனம், சரோஜா, லீலா, விஜி, பவானி என்று ஐந்து பெண்பிள்ளைகள். அவ்வளவுதான் கதை. ஒருத்தியைக் கட்டிக்கொடுத்து மூச்சு விட முன்னம் மற்றவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு வாசலில் நிற்பாள். போர் ஓய்ந்திருந்த அந்த இரண்டு மூன்று வருசத்தில், வன்னியில் எத்தனையோ தகப்பன்மார் அப்படித்தான் அவசர அவசரமாகப் பிள்ளைகளுக்குக் கலியாணம் பேசிக்கொண்டிருந்தார்கள். அதனால் சிதம்பரம் எங்களுக்கு அடுத்த வளவு மனிதராகத் தெரிந்தார்.

பிறகு திருமுருகன் சினிமாவுக்குப் போனார். 2006-ல் ‘எம் மகன்’, 2008-ல் ‘முனியாண்டி விலங்கியல் மூன்றாமாண்டு’. ‘எம் மகன்’ படத்தில் மளிகைக் கடைக்காரத் தகப்பனாக நாசர் வருவாரே, பிள்ளையை அடிக்கிற கை எது, தடவ நினைத்து நின்றுவிடுகிற கை எது என்று பிரித்துச் சொல்ல முடியாது. தகப்பன்மாரை எழுதுவதில் திருமுருகனுக்குத் தனிக் கை. ஆனால் அவரைப் பற்றி நான் மதிப்பது அடுத்து நடந்ததை. இரண்டு படம் செய்தவர் 2010-ல் ரீவிக்கே திரும்பி வந்தார். ‘நாதஸ்வரம்’ நாடகத்தைத் தன் சொந்த நிறுவனமான திரு பிக்சர்ஸில் தயாரித்தார். காரைக்குடிப் பக்கத்து வீடுகள், ஒரு நாதஸ்வரக் குடும்பம், மூத்தவராக மௌலி. தனக்குத் தெரிந்த மண்ணை, தன் செலவில், ஐந்து வருசம் விடாமல் சொன்னார்.

2014 மார்ச் 5-ல் அதன் ஆயிரமாவது பாகத்தை நேரலையில், ஒரே ஷொட்டில் எடுத்தார்கள். 23 நிமிடம் 25 செக்கன். கின்னஸ் பதிவு அது. வெட்டி ஒட்ட வழி கிடையாது. ஒருவர் ஒரு வசனம் மறந்தாலும் வீட்டில் பார்க்கிற சனம் அப்படியே பார்த்துவிடும். கமெரா வருகிற வழியில் ஒவ்வொருவரும் நேரத்துக்கு வந்து நிற்கவேண்டும்.

இதை அப்பாவுக்குச் சொன்னேன். அவர் கேட்டார்: "விடிய விடிய வெட்டாமல் ஆடுறதுதானே எங்கட கோவலன் கூத்து?"

அந்தக் கேள்வி என்னைப் பிடித்து உலுப்பிவிட்டது. முல்லைத்தீவுக் கோவலன் கூத்தைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். கூத்தைப் பழக்குகிற ஆசானான அண்ணாவியார் தாளத்தோடு பக்கத்தில் நிற்பார். ஆட்டக்காரன் அடியை மறந்தால் அவர் குரல் எடுத்துக்கொடுக்கும். யாருக்கு எந்த வேசம், எத்தனை மாதம் பழக்குவது, எப்போது அரங்கேற்றுவது, எல்லாம் அவர் தலையில். எழுத்து, இயக்கம், தயாரிப்பு என்று இன்று மூன்று பெயர் சொல்கிற வேலையை எங்கள் ஊர் ஒரே மனிதரிடம் கொடுத்து வைத்திருந்தது. திருமுருகனின் பாதை எங்களுக்குப் புதிய பாதையே கிடையாது.

எல்லாப் பொறுப்பும் ஒருவரிடம் இருந்தால் பழியும் அவருக்குத்தான். 2019-ல் திருமுருகனின் ‘கல்யாண வீடு’ நாடகத்தில் வந்த பாலியல் வன்முறைக் காட்சிகளுக்காக, இந்தியாவின் ஒளிபரப்பு உள்ளடக்கப் புகார்க் குழு சன் ரீவிக்கு 2.5 இலட்சம் ரூபாய் தண்டம் போட்டு, மன்னிப்பும் ஒளிபரப்பச் சொன்னது. அது சரியான தீர்ப்பு என்றே நினைக்கிறேன். சரோஜாவின் மௌனத்தை அவ்வளவு மரியாதையோடு காட்டிய ஒருவர் அந்தக் காட்சிகளை விட்டிருக்கக் கூடாது. வன்னியில் அந்த நேரம் ரீவிக்கு முன்னால் எப்படிப்பட்ட பெண்கள் இருந்தார்கள் என்று எங்களுக்குத் தெரியும். எனக்கு அது இன்றும் ஆறாத கோபம்.

2020 ஊரடங்கில் ‘மெட்டி ஒலி’யைத் திரும்பப் போட்டார்கள். அம்மா பயறு புடைத்துக்கொண்டே பார்த்தா. அம்மம்மா இல்லை. சரோஜா அழுத இடத்தில் அம்மா சுளகை மடியில் வைத்துவிட்டு, "அம்மா சொன்னது சரிதான், இவள் கடைசி வரைக்கும் சொல்லமாட்டாள்" என்றா.

சரி, இவ்வளவும் ஏன் எழுதுகிறேன் என்றால், போன கிழமை எங்கள் ஊர்த் தங்கச்சி ஒருத்தி 80 பக்கக் கொப்பி ஒன்றைக் கொண்டுவந்து தந்தாள். நாடகம் எழுதியிருக்கிறாள், பதினொரு பாகம். எங்கள் பிள்ளைகள் எடுக்கிற குறும்படங்கள் நிறையப் பார்க்கிறேன். கமெரா நல்லாய்ப் பிடிக்கிறார்கள். ஆனால் பாத்திரம் வாய் திறந்தவுடன் சென்னைத் தமிழ் வந்துவிடுகிறது. இல்லையென்றால் போர் மட்டும்தான் கதை. போரைச் சொல்லத்தான் வேண்டும். ஆனால் அதற்குப் பிறகும் இங்கே வீடுகள் இருக்கின்றன. நுண்கடன் காசுக்கு வாராவாரம் படலைக்கு வருகிற மோட்டார் சைக்கிள் இருக்கிறது. 2017-ல் படையினர் பிடித்து வைத்திருந்த தங்கள் காணியைக் கேட்டு கேப்பாப்புலவில் றோட்டில் இருந்த தாய்மார் இரவில் தங்களுக்குள் என்ன கதைத்தார்கள் என்று ஒரு நாடகமும் இன்னும் சொல்லவில்லை.

இந்தப் பிள்ளையின் முதல் காட்சியில் பெண் பார்க்க வரப்போகிறார்கள். தகப்பன் இல்லை. தாய் விடியற்காலையில் படலையைக் கழற்றி, துரு சுரண்டி, மீதிப் பெயின்ரை அடிக்கிறா. பாதிப் படலைக்குத்தான் பெயின்ற் காணும். "வெளிப்பக்கத்துக்கு அடியுங்கோ அம்மா, உள்ளுக்கு ஆர் பாக்கப் போயினம்" என்கிறாள் மகள்.

அந்த இடத்தில் கொப்பியை மூடிவிட்டு வெளியே போய்க் கொஞ்ச நேரம் நின்றேன்.

"அண்ணா, இதை ஆர் எடுப்பினம்?" என்று கேட்டாள். நீதான் எடுக்கவேணும் என்று சொல்லியிருக்கிறேன். முதல் மூன்று பாகத்துக்கான செலவில் ஒரு பங்கு என்னுடையது. முல்லைத்தீவு, கிளிநொச்சிப் பக்கம் கமெரா, மைக் வைத்திருப்பவர்கள், வேசம் கட்டி ஆடிய பழைய ஆட்கள், ஒரு பழைய வீட்டைப் பத்து நாளுக்குத் தரக்கூடியவர்கள் இருந்தால் உள்பெட்டிக்கு வாருங்கள். படலை எங்கள் வீட்டிலேயே இருக்கிறது. அம்மா தாறன் என்று சொல்லிவிட்டா.