குவேக்கர்கள் எடுத்துக்கொண்ட 88 வருடம்

அடிமை முறைக்கு எதிராக முதலில் திரண்டவர்கள் குவேக்கர்கள் என்று யாராவது புகழ்ந்து எழுதினால் எனக்கு லேசாக நெருடும். பொய்யில்லைதான். ஆனால் கதையில் பாதியை விழுங்கிவிட்டுச் சொல்கிறார்கள்.

முதலில் அவர்கள் யார் என்று சொல்லிவிடுகிறேன். (ஓட்ஸ் டப்பாவில் தொப்பியோடு இருக்கிறாரே, அவருக்கும் இவர்களுக்கும் சம்பந்தமில்லை. இவர்களுக்கு இருந்த நல்ல பெயரைக் கம்பெனி பயன்படுத்திக்கொண்டது.) 17-ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில், செருப்புத் தைக்கப் பழகிய ஜார்ஜ் ஃபாக்ஸ் என்ற நெசவாளி மகன், கடவுளை அறியப் பாதிரியார் வேண்டாம், ஒவ்வொருவருக்குள்ளும் ஓர் ஒளி இருக்கிறது என்று ஊர் ஊராகப் போய்ப் பேசினார். அவர் பின்னால் வந்தவர்கள் தங்களை நண்பர்கள் என்றார்கள். 'நடுங்கிகள்' என்ற பொருள்பட ஊர் வைத்த கேலிப் பெயர்தான் குவேக்கர். பிரசங்கம், பாட்டு, ஞானஸ்நானம் எதுவும் கிடையாது. எல்லோரும் பேசாமல் உட்கார்ந்திருப்பார்கள். உள்ளிருந்து உந்துதல் வந்தவர், ஆணோ பெண்ணோ, எழுந்து பேசலாம். இன்று கென்யா போன்ற நாடுகளில் போதகரும் பாட்டும் உண்டு என்பது வேறு விஷயம்.

எல்லோருக்குள்ளும் அதே ஒளி என்றால் யார் முன்னாலும் தொப்பியைக் கழற்ற வேண்டியதில்லை, இல்லையா? 1670-இல் லண்டன் நீதிமன்றத்துக்குள் வில்லியம் பென், வில்லியம் மீட் என்ற குவேக்கர்கள் இருவரும் வந்தபோது அவர்களுடைய தொப்பிகளை யாரோ எடுத்துவிட்டார்கள். மறுபடி தலையில் வைக்கச் சொன்னது நீதிமன்றம். வைத்தார்கள். உடனே, தொப்பியைக் கழற்றாத குற்றத்துக்கு அபராதம்!

அதே பென், பிறகு அமெரிக்காவில் தன் தந்தையின் பெயரால் அமைந்த பென்சில்வேனியாவில் அடிமைகளை வைத்திருந்தார்.

1688-இல் அங்கே ஜெர்மன்டவுனில் 4 பேர், மனிதனை விற்பதும் வாங்குவதும் தகாது என்று எழுதிக் கையெழுத்திட்டுத் தங்கள் சபையிடம் கொடுத்தார்கள். மாதக் கூட்டம் 'கனமான விஷயம்' என்று காலாண்டுக் கூட்டத்துக்குத் தள்ளியது. அது ஆண்டுக் கூட்டத்துக்குத் தள்ளியது. அங்கே ஓரங்கட்டினார்கள். குவேக்கர்கள் ஓட்டெடுப்பு நடத்துவதில்லை. கூடியிருப்பவர்களின் மனம் ஒன்றுபடும்வரை காத்திருப்பார்கள். கேட்க அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் கூட்டத்தில் செல்வாக்குள்ளவர்களே அடிமை வைத்திருக்கும்போது, காத்திருப்பது யாருக்கு லாபம்?

பொறுமையிழந்தவர் பெஞ்சமின் லே. 4 அடி உயரம், கூன் முதுகு. 1738-இல் பர்லிங்டன் ஆண்டுக் கூட்டத்துக்கு மேலங்கிக்குள் ராணுவ உடையும் வாளுமாக வந்தார். கையில் உள்ளே குடைந்த ஒரு புத்தகம். அதற்குள் சிவப்புப் பழச்சாறு நிரப்பிய பை. பேசிக்கொண்டே அங்கியை உதறிவிட்டுப் புத்தகத்தில் வாளைப் பாய்ச்சினார். ரத்தம் போலச் சாறு தெறித்தது, பக்கத்தில் இருந்தவர்கள் மேலெல்லாம். அவரைத் தூக்கி வெளியே கொண்டுபோனார்கள். தங்கள் உறுப்பினரே அல்ல என்றும் விலக்கினார்கள்.

ஜான் வுல்மன் என்ற இன்னொரு குவேக்கர் வேறு மாதிரி. அடிமை வைத்திருந்த குவேக்கர்களின் வீடுகளுக்கே போய்த் தங்கிப் பக்குவமாகப் பேசுவார்; தனக்கு வேலை செய்த அடிமைகளுக்குக் கூலி கொடுத்துவிட்டுத்தான் கிளம்புவார். மாற்றம் இவரால் வந்தது என்று எழுதுவது எல்லோருக்கும் சௌகரியம். எனக்கு லேயின் பக்கம்தான் சாய்வு. அவர் சங்கடப்படுத்தாமல் இருந்திருந்தால், வுல்மன் சொன்னதை அவ்வளவு பேர் காதில் வாங்கியிருப்பார்களா என்பது சந்தேகமே.

1758-இல் அடிமை வியாபாரம் செய்யும் உறுப்பினர்கள்மீது நடவடிக்கை எடுக்க பிலடெல்பியா ஆண்டுக் கூட்டம் முடிவு செய்தது. மறுவருடம் லே இறந்தார். அடிமை வைத்திருக்கவே கூடாது என்று அதே கூட்டம் சொன்னது 1776-இல். இவர்களைப் புகழ்கிறவர்கள் அந்த வருடத்திலிருந்துதான் கதையைத் தொடங்குகிறார்கள்.