கேஜ் மாட்டிப் பாருங்கள் என்று சொன்னது குற்றமா?

மூன்று வாரம். லோடு ஏற்றிய டிப்பர் ஒரு முழம் பாடியைத் தூக்கிவிட்டு, அதற்கு மேல் முடியாமல் நடுங்கிக்கொண்டு நிற்பதை மூன்று வாரம் பார்த்தேன். காலி வண்டி என்றால் தூக்கிவிடும், அதுவும் ஆமை வேகத்தில். பின்னால் வரிசையில் நிற்கிற வண்டிக்காரர்கள் ஹாரன் அடிக்கிறார்கள். நான் ஆக்சிலேட்டரை மிதிக்கிறேன். ஆயிலைத் தள்ளிப் பாடியைத் தூக்க வேண்டிய பம்ப் ஊளையிடுகிறதே தவிர பாடி ஒரு விரல்கடை கூட ஏறவில்லை.

மெக்கானிக் வந்தார். ஆயில் டேங்க் மூடியைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. "பம்ப் போச்சுண்ணே, மாத்திடுங்க." அவ்வளவுதான் வைத்தியம். எதை வைத்துச் சொல்கிறீர்கள், ஆயில் அழுத்தத்தைக் காட்டும் ஒரு பிரஷர் கேஜ் மாட்டிப் பார்த்துவிடலாமே என்றேன். இருபது வருஷ அனுபவத்துக்குக் கேஜ் எதற்கு என்று சிரித்தார். சரி, அனுபவஸ்தர் சொல்கிறார் என்று புது பம்ப் போட்டேன். மறுநாள் அதே ஒரு முழம், அதே நடுக்கம், அதே ஊளை.

அப்புறம் ஆளாளுக்கு டாக்டர் ஆனார்கள். ஆயில் தண்ணியாக இருக்கிறது, 46 நம்பர் ஆயிலை வடித்துவிட்டு அதைவிடக் கெட்டியான 68 ஊற்று என்றார் ஒருவர். ஊற்றினேன். காலை நேரத்தில் இன்னும் மோசம். அடுத்தவர் ஸ்பேனரோடு வந்து ரிலீஃப் வால்வை ஒன்றரைச் சுற்று இறுக்கினார். எந்த அளவுக்கு என்று கேட்டால் "கை சொல்லும்" என்கிறார்! அந்த வால்வு இருப்பதே பிரஷர் எல்லை மீறினால் ஆயிலைத் திருப்பி டேங்குக்கு அனுப்பி, ஹோஸையும் பாடியைத் தூக்கும் ஜாக்கியையும் காப்பாற்றத்தான். அதைக் கண்ணை மூடிக்கொண்டு இறுக்குவது வைத்தியமா? இதில் இன்னொரு மகானுபாவர், தூக்கி நின்ற பாடிக்கு முட்டுக்கூடக் கொடுக்காமல் அடியில் தலையை விட்டு எட்டிப் பார்த்தார். சட்டையைப் பிடித்து வெளியே இழுத்தேன். அதற்கும் என் மேல்தான் கோபம்.

கடைசியில் இன்னொரு டிப்பர் ஓட்டுகிற தம்பி ஒருவர் தன்னுடைய கேஜைக் கொண்டுவந்தார். பம்ப்பிலிருந்து வெளியே போகிற லைனில் மாட்டி லீவரைப் பிடித்ததும் முள் ஏறி நிற்காமல் கீழேயே கிடந்து உதறியது. "அண்ணே, பம்ப்புக்கு ஆயிலே சரியா வரல. வர்ற வழியைப் பாருங்க" என்றார். பத்து நிமிஷம்தான் ஆனது. டேங்கில் ஆயில் மேலெல்லாம் நுரை. டேங்கிலிருந்து பம்ப்புக்கு வருகிற உறிஞ்சு ஹோஸைக் கழற்றினோம். வெளியே புதுசு மாதிரி இருக்கிறது. வெட்டிப் பார்த்தால் உள் ரப்பர் உரிந்து நாக்கு மாதிரி தொங்குகிறது. பம்ப் இழுக்க இழுக்க அந்த நாக்கு வழியை அடைக்கிறது. எஞ்சினை முறுக்கினால் இன்னும் பலமாக இழுக்கும், இன்னும் இறுக்கமாக அடைக்கும். சத்தம் ஏறி வேகம் ஏறாததற்குக் காரணம் இதுதான். கெட்டியான ஆயிலை ஊற்றியதும் மோசமானது ஏன் என்றும் அப்போதுதான் புரிந்தது. ஆயிலை வடிகட்டும் ஸ்ட்ரெய்னரைக் கழற்றினால் அதிலும் சகதி.

ஹோஸை மாற்றி, ஸ்ட்ரெய்னரைக் கழுவி, 46-ஐயே மறுபடி ஊற்றினோம். இப்போது முள் கம்பெனி சொன்ன அளவைத் தாண்டி ஓடுகிறது! இறுக்கிவிட்டுப் போன அந்தப் புண்ணியவான் கைவரிசை. கேஜைப் பார்த்தே வால்வைத் தளர்த்தி அளவுக்குக் கொண்டுவந்தோம். கேஜ் இல்லாமல் அப்படியே லோடு ஏற்றியிருந்தால் எந்த ஹோஸ் எங்கே வெடித்திருக்குமோ.

எல்லாக் கோளாறும் உறிஞ்சு ஹோஸில்தான் இருக்கும் என்று நான் சொல்லவில்லை. காலையில் நன்றாகத் தூக்கி, ஆயில் சூடானதும் தளர்ந்தால் பம்ப் தேய்ந்திருக்கலாம். ஒவ்வொரு முறையும் மேலே ஒரே உயரத்தில் நின்றால் முதலில் டேங்கில் ஆயில் போதுமா என்று பார்க்க வேண்டும். லீவர் கேபிள் தொய்ந்து, ஜாக்கிக்கு ஆயிலை விடும் வால்வு பாதிதான் திறந்தாலும் தூக்காது. ஆனால் இதில் எது என்று பார்க்காமலே எப்படி ஐயா பம்ப்பில் கை வைக்கிறீர்கள்?

கழற்றிய பழைய பம்ப்பைத் தம்பியின் வண்டியில் மாட்டிச் சோதித்தோம். அருமையாகத் தூக்குகிறது. மெக்கானிக்கைக் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னேன். கொஞ்சமும் அசராமல் சொல்கிறார்: "நான் அப்பவே நினைச்சேண்ணே, ஹோஸாத்தான் இருக்கும்னு."