ஒரு நாற்காலி போதுமா?

போன வாரம் எங்கள் அலுவலகத்துத் தம்பி ஒருவன் படம் ஒன்று அனுப்பியிருந்தான். எட்டு மாத ஆன்சைட், அதாவது நிறுவனமே வெளிநாட்டுக்கு அனுப்பிப் பார்க்க வைக்கிற வேலை. போய் இறங்கிப் பத்து நாள்தான் ஆகிறது. ஜன்னலோரம் ஒரு மேசை, ஒரு நாற்காலி, தரையில் மெத்தை, மூலையில் வாயைப் பிளந்தபடி பெட்டி. கீழே ஒரு வரி: "எட்டு மாசத்துக்கு இது போதும்ல அண்ணா?"

"தாராளமா" என்று தட்டிவிட்டு, அனுப்பாமல் அழித்தேன். அது அப்படியே என் பழைய அறை. முதல் முறை வெளிநாடு போனபோது பதினோரு மாதம் நான் கிடந்த அறை. எந்த ஊர் என்று சொல்லப்போவதில்லை. சொன்னால் கமெண்டில் அந்த ஊர்க் குளிரும் வாடகையும்தான் ஓடும், நான் சொல்ல வந்தது ஓடாது.

அங்கே ஆறாவது மாதம், ஒரு மாலை, யாரோ கதவைத் தட்டினார்கள். கீழ் வீட்டுப் பெரியவர். எனக்கு வந்த பார்சலைத் தவறுதலாக அவர் வீட்டில் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். இரண்டு மாடி ஏறி வந்த களைப்பில் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினார். உள்ளே வாருங்கள் என்று சொல்ல வாயெடுத்தேன். திரும்பிப் பார்த்தால் ஒரே நாற்காலி, அதன்மேல் காயப்போட்ட ஈரச் சட்டை. பார்சலை வாங்கிக்கொண்டு, நன்றி சொல்லி, கதவைச் சாத்தினேன். நான் ஊரைக் காலி செய்யும்வரை அந்தக் கதவை வேறு யாரும் தட்டவில்லை.

நாற்காலி வாங்கக் காசில்லாமல் இல்லை. 'இன்னும் கொஞ்ச நாள்தானே' என்ற நினைப்பு. அந்த நினைப்பில் திரைச்சீலை வாங்கவில்லை. பேருந்துக்கு மாத பாஸ் எடுக்காமல் தினமும் டிக்கெட் வாங்கினேன். நூலகம் நடக்கிற தூரத்தில் இருந்தும் உறுப்பினராகவில்லை. அந்த ஊர் மொழியில் நன்றி, மன்னிக்கவும் என்ற இரண்டு வார்த்தையோடு நிறுத்திக்கொண்டேன். கிளம்பும்போது சொன்னது ஐந்து மாதம். ஐந்து எட்டாகி, எட்டு பதினொன்றானது. ஒவ்வொரு நீட்டிப்புக்கும் மறுபடி அதே 'கொஞ்ச நாள்தானே'.

"சம்பாதிக்கத்தானே போனோம், குடித்தனம் நடத்தவா போனோம்?" என்று கேட்பவர்கள் உண்டு. கடன் கழுத்தை நெரிக்கிறவர்களிடம் நான் எதுவும் பேச வரவில்லை, அவர்கள் கணக்கு வேறு. ஆனால் நாற்காலிக்குக் கணக்குப் பார்த்த நானே, அறையில் இருக்கப் பிடிக்காமல் வாராவாரம் ஏதாவது ஊருக்கு ரயிலேறிச் செலவழித்ததையும் சேர்த்துத்தான் கணக்குப் போட வேண்டும்.

வேடிக்கை என்னவென்றால், நாம்தான் நாட்களை எண்ணுவதில்லை. அரசாங்கம் ஒவ்வொரு நாளையும் எண்ணுகிறது. 183 என்ற எண்ணைப் பலரும் கேள்விப்பட்டிருப்பீர்கள். ஒரே வருமானத்துக்கு இரண்டு நாடும் வரி பிடிக்காமல் இருக்க நாடுகள் தங்களுக்குள் போட்டுக்கொள்ளும் இரட்டை வரி தவிர்ப்பு ஒப்பந்தங்களில் பல, பொருளாதார ஒத்துழைப்புக்கும் வளர்ச்சிக்குமான ஓஇசிடி அமைப்பின் மாதிரி ஒப்பந்தத்தை ஒட்டியவை. அதன் 15ஆம் பிரிவுப்படி, எந்த நாட்டில் உட்கார்ந்து வேலை பார்க்கிறோமோ அந்த நாடு அந்தச் சம்பளத்துக்கு வரி போடலாம். விலக்கு வேண்டுமானால் மூன்று நிபந்தனை. 12 மாதத்துக்குள் 183 நாளுக்கு மேல் அங்கே இருக்கக் கூடாது. சம்பளம் தரும் நிறுவனம் அந்த நாட்டினதாக இருக்கக் கூடாது. அந்த நிறுவனத்துக்கு அங்கே இருக்கும் கிளையின் கணக்கிலும் சம்பளம் ஏறக் கூடாது. மூன்றும் ஒருசேரப் பொருந்த வேண்டும். நம் ஆட்கள் முதல் நிபந்தனையை மட்டும் பிடித்துக்கொண்டு, அதிலும் வேலை நாட்களை மட்டும் எண்ணுவார்கள். இறங்கிய நாள், கிளம்பிய நாள், சனி, ஞாயிறு எல்லாமே கணக்கில் சேரும்.

என் முதல் நீட்டிப்புக் கடிதத்தில் சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டேன். அந்தக் கையெழுத்துதான் என்னை 183-ஐத் தாண்ட வைத்தது என்பது, இரண்டு நாட்டிலும் வரிக் கணக்குத் தாக்கல் செய்ய உட்கார்ந்தபோதுதான் புரிந்தது. எட்டு மாதம் என்றால் 240 நாள் சொச்சம். ஆகவே தம்பி, உனக்கு நாட்களை எண்ணும் வேலையே இல்லை, எச்ஆரிடம், அதான் மனிதவளத் துறையிடம், இப்போதே பேசு. ஓய்வூதியச் சந்தாவையும் சேர்த்துக் கேள். ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் ஒரு நாட்டிலிருந்து இன்னொரு நாட்டுக்கு நிறுவனம் அனுப்பினால் 24 மாதம் வரை பழைய நாட்டிலேயே கட்டலாம். அமெரிக்கா பிற நாடுகளோடு செய்துகொண்ட ஒப்பந்தங்களில் பொதுவாக 5 ஆண்டு. அதற்கு, பழைய நாட்டில் கட்டுகிறோம் என்ற சான்றிதழ் வேண்டும். அது கையில் இல்லையென்றால் இரண்டு பக்கமும் சந்தா பிடித்துவிடுவார்கள்.

அப்புறம் ஓடிபி. வெளிநாடு போகிறவனை அழ வைக்க இதைவிடச் சிறந்த கண்டுபிடிப்பு கிடையாது. என் பழைய எண்ணுக்கு ரீசார்ஜ் செய்ய மறந்தேன், எண் செத்தது. பணம் அனுப்ப வங்கியின் செயலியைத் திறந்தால், பழைய எண்ணுக்கு ஓடிபி அனுப்பியிருக்கிறோம் என்றது. புது எண்ணைச் சேர்க்கப் போனால், அதற்கும் பழைய எண்ணுக்கு ஓடிபி. வாடிக்கையாளர் சேவையில் ரொம்பப் பணிவாகச் சொன்னார்கள்: "நேரில் கிளைக்கு வந்தால் ஐந்து நிமிட வேலை சார்." இடையே ஒரு கடல் இருப்பதைச் சொன்னேன். "புரிகிறது சார்" என்றார்கள். கிளம்பும் முன் ரோமிங்கில் குறுஞ்செய்தி வருகிறதா என்று பார், ரீசார்ஜ் தேதியைக் காலண்டரில் போட்டு வை. இவ்வளவுதான், ஆனால் யாரும் செய்ய மாட்டார்கள்.

போய் இறங்கிய இடத்தில் இன்னொரு சுழல் காத்திருக்கும். பல ஊர்களில் வீடு பிடிக்க வங்கிக் கணக்கு கேட்பார்கள், கணக்குத் தொடங்க முகவரி கேட்பார்கள். பழைய ஊரில் ஒரு தவணைகூடத் தவறாதவன் என்ற பெயர் எல்லையைத் தாண்டி வராது. அங்கே கடன் வரலாறு பூஜ்யத்திலிருந்துதான் தொடங்கும். முதல் மாதம் தங்குகிற இடத்தின் முகவரியைப் பதிவுக்கும் தபாலுக்கும் பயன்படுத்தலாமா என்று பணம் கட்டும் முன்பே கேட்டுவிட்டால் பாதி முடிச்சு அவிழும்.

சரி, நாற்காலி வாங்காமல் ஊரோடு ஒட்டாமல் கிடந்த கதைக்கு வருகிறேன். 1955இல் ஸ்வெர்ரே லிஸ்கார்ட் என்ற நார்வே நாட்டுச் சமூகவியலாளர் ஒரு கட்டுரை வெளியிட்டார். அமெரிக்க அரசின் ஃபுல்பிரைட் கல்வி உதவித்தொகையில் அமெரிக்கா போய்த் திரும்பிய 200 நார்வேக்காரர்களிடம் பேசித் திரட்டியது. ஆறு மாதத்துக்குக் குறைவாக இருந்தவர்கள் பரவாயில்லாமல் இருந்திருக்கிறார்கள், 18 மாதத்துக்கு மேல் இருந்தவர்களும் அப்படியே. ஒட்டாமல் தவித்தது இடைப்பட்டவர்கள்தான். புது ஊரின் பழக்கவழக்கம் தரும் திகைப்பைக் கல்ச்சர் ஷாக் என்று இன்று எல்லோரும் சொல்கிறோமே, அதைப் பற்றி 1960இல் எழுதிய மானுடவியலாளர் கலெர்வோ ஓபெர்க்கும் முதல் கட்டத்துக்குத் தேனிலவு என்றே பெயர் வைத்தார். நெருக்கடி அடுத்த கட்டம். முதலில் மேடு, நடுவில் பள்ளம், பிறகு மறுபடி மேடு என்ற இந்த வளைவைப் பின்னால் வந்த ஆய்வுகள் எல்லாமே ஒப்புக்கொண்டுவிடவில்லை. சிலருக்கு முதல் வாரமே நரகம்தான், தேனிலவாவது ஒன்றாவது.

ஆனாலும் நம் ஆன்சைட் காலங்களைப் பாருங்கள். எட்டு மாதம், பதினோரு மாதம், ஒரு வருடம், ஒன்றரை வருடம். குறி வைத்தது மாதிரி அந்தப் பள்ளத்தில் போய் விழுகின்றன. பள்ளத்தில் இருக்கும்போதே டிக்கெட் போட்டுத் திரும்பிவிட்டு, 'அந்த ஊர் நமக்கு ஒத்துவராது' என்று ஆயுசுக்கும் சொல்லிக்கொண்டிருப்போம். நானும் ஐந்தாறு வருடம் சொல்லிக்கொண்டுதான் இருந்தேன்.

இரண்டாவது முறை வேறு நாடு, இரண்டு வருடம், மனைவியோடு. அவள் வேலையை விட்டுவிட்டு வந்தாள். வேலைக்குப் போகிறவரின் துணைக்குத் தருகிற டிபெண்டன்ட் விசாவில் வேலை பார்க்கச் சில நாடுகள் விடும், சில விடாது. நாங்கள் போன நாடு விடவில்லை. திருமணச் சான்றிதழ் உண்மையானதுதான் என்று வெளிநாட்டுக்குச் சொல்கிற அப்போஸ்டில் முத்திரை வாங்கவே கிளம்பும் முன் மூன்று வாரம் அலைந்தோம். 1961ஆம் ஆண்டின் ஹேக் உடன்படிக்கையில் இருக்கிற நாடுகளுக்கு இடையில் அந்த ஒரு முத்திரை போதும் என்பதே எங்களுக்கு அப்போதுதான் தெரியும்.

இங்கே எனக்கு ஒரு கோபம் உண்டு. எனக்கு இறங்கிய மறுநாளே அடையாள அட்டை, இருக்கை, பேச நாலு பேர் எல்லாம் தயார். நிறுவனம் அரை நாள் வகுப்புகூட எடுத்தது, அந்த ஊரில் எப்படிக் கைகுலுக்க வேண்டும் என்பது உட்பட. அவளுக்கு? காலை எட்டு மணியிலிருந்து மாலை ஏழு மணிவரை நாலு சுவர். ஊரோடு முட்டிமோதப் போவது அவள்தான், வகுப்பு எனக்கு. கூட வருகிற கணவனோ மனைவியோ நிறுவனங்களுக்குக் கூடுதல் ஒரு பெட்டி மாதிரி. விமான டிக்கெட்டில் மட்டும்தான் அவர்களுக்குப் பெயர் இருக்கும்.

வந்த இரண்டாம் நாள், "நாலு நாற்காலி வாங்கணும்" என்றாள்.

"யார் வரப்போறாங்க?"

"வாங்கினாத்தானே வருவாங்க."

மொழியை அவள் பிடித்த விதமும் அப்படித்தான். வணக்கம், நலமா என்று ஆரம்பிக்காமல் எண்களில் ஆரம்பித்தாள். மாடி எண், நடைமேடை எண், பேருந்து எண், டாக்டரிடம் டோக்கன் எண், கடையில் மீதிச் சில்லறை. ஒரு நாளில் காதில் விழுகிற பாதி விஷயம் எண்தானே! ஒன்று முதல் நூறு வரை எழுதிக் கண்ணாடிக்குப் பக்கத்தில் ஒட்டினாள். பதினேழையும் எழுபதையும் குழப்பிக்கொண்டு, பதிவு அலுவலகத்தில் கூப்பிட்ட எண் தனக்கில்லை என்று ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் இருந்த அம்மாள் எட்டி இவள் கையிலிருந்த சீட்டைப் பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டு, கையைப் பிடித்துக் கவுண்டருக்கு இழுத்துப் போனாராம். எங்கள் மூன்றாவது நாற்காலியில் முதலில் உட்கார்ந்தது அவர்தான்.

நம் மொழி பேசுகிறவர்களின் வாட்ஸ்அப் குழு எல்லா ஊரிலும் இருக்கும். கட்டாயம் சேர வேண்டும், அவசரத்துக்கு ஓடி வருவது அவர்கள்தான். ஆனால் அங்கே பாதிப் பேர் நம்மை மாதிரியே பெட்டியை மூடாதவர்கள். மாதம் ஒரு வழியனுப்பு விழா, அடுப்பு விற்பனைக்கு, சைக்கிள் விற்பனைக்கு. அந்த ஊரிலேயே கிடப்பவர்களில் ஒருவரையாவது தெரிந்திருக்க வேண்டும், முடி வெட்டுகிறவரானாலும் சரி.

எங்களுக்கும் கிளம்பும் நாள் வந்தது. வீட்டுக்காரர் சுவரில் இருந்த ஆணி ஓட்டைகளை ஒவ்வொன்றாக எண்ணி, முன்பணத்தில் கழித்தார். குடிபோன அன்றே சுவர், தரை, மீட்டர் எண் எல்லாவற்றையும் நான் படம் எடுத்து வைத்திருந்ததால், நாங்கள் அடிக்காத இரண்டு ஆணிக்கு மட்டும் தப்பித்தோம். நாற்காலிகளை அந்த அம்மாள் தன் மகனோடு வந்து எடுத்துப் போனார். ஒன்றுக்குக் கால் ஆடும் என்று சொன்னேன். தெரியும், இரண்டு வருடமாக அதில்தானே உட்கார்ந்தேன் என்றார்.

தம்பி, உன் படத்தை இன்னொரு முறை பெரிதாக்கிப் பார்த்தேன். மேசைக்கு இந்தப் பக்கம், ஜன்னலுக்குக் கீழே, இன்னொன்று போட இடம் இருக்கிறது.