பழி ராம் மேலே, பாவம் பயாஸிலே

காரைக்குடி, தேவகோட்டை, புதுவயல்னு எந்த ஊர்ல கொண்டுபோய்க் காட்டினாலும் பழைய கம்ப்யூட்டருக்கு ஒரே தீர்ப்புதான்: "ராம் போயிருச்சுண்ணே, மாத்திருவோம்." ப்ராசஸரை ஓவர்க்ளாக் பண்ணி, அதாவது கம்பெனி சொன்ன வேகத்துக்கு மேல ஓட்டி வெச்ச மெஷின் நீலத்திரை காட்டினா ராம். பாட்டு ஓடிக்கிட்டிருக்கும்போதே தானா ரீஸ்டார்ட் ஆனா ராம். ஜிப் ஃபைலைப் பிரிக்கையில சிஆர்சி எரர் (ஃபைல் சிதைஞ்சிருக்குங்கிற பிழை) வந்தா அதுக்கும் ராம். அந்த ராம் இப்ப எந்த வேகத்துல ஓடிக்கிட்டிருக்குன்னு பயாஸ்ல (மெஷின் கிளம்பும்போது உள்ள போற செட்டிங் திரை) எட்டிப் பார்க்க மட்டும் யாருக்கும் அரை நிமிஷம் கிடைக்கிறதில்ல.

கணக்கு ரொம்பச் சின்னது. கோர் 2 டுயோ இ8400 ப்ராசஸருக்கு எஃப்எஸ்பி (ப்ராசஸரும் போர்டும் பேசிக்கிற பாதையோட கடிகாரம்) 333 மெகாஹெர்ட்ஸ், மல்டிபிளையர் (அதைப் பெருக்குற எண்) 9, ஆக 3.0 கிகாஹெர்ட்ஸ். (பெட்டி மேல 1333னு இருக்கிறது இதே 333-ஐ நாலால பெருக்கினது. பயாஸ்ல போய் 1333னு அடிக்கப் பார்க்கிறவங்க தனிக் கூட்டம்.) கூட இருக்கிறது டிடிஆர்2-800 ராம், அதோட நிஜக் கடிகாரம் 400. 333-க்கு 400னா 5:6 விகிதம். சில போர்டுல இதையே 2.40னு (800-ஐ 333-ஆல வகுத்தது) காட்டும். இப்ப நம்ம ஆளுக்கு 3.6 வேணும். எஃப்எஸ்பியை 400 ஆக்குறாரு, விகிதத்தைத் தொடல. ராம் சத்தமில்லாம 480-க்கு ஏறியிருச்சு. அதாவது டிடிஆர்2-960! 800-க்குன்னு செஞ்ச, 1.8 வோல்ட்ல ஓடுற சாதாரண ஸ்டிக்கைப் பிடிச்சு 960-ல ஓட்டிட்டு, அது தடுமாறினா "ராம் போயிருச்சு"ங்கிறது எந்த ஊர் நியாயம்?

விகிதத்தை 1:1, அதாவது 2.00னு மாத்துங்க. எஃப்எஸ்பி 400, ராம் 400. ராம் தன் சொந்த வேகத்துலயே நிக்கும், ஏறுறது ப்ராசஸர் மட்டும்தான். கியூ6600 வெச்சிருக்கிறவங்களுக்கு இன்னும் லேசு. 266-ஐ 333 ஆக்கினா 9 மடங்குல 3.0 வந்துரும், 1:1-ல டிடிஆர்2-667 ஸ்டிக்கே போதும். ஆனா அதே 667 ஸ்டிக்கை வெச்சுக்கிட்டு எஃப்எஸ்பி 400 கேட்காதீங்க. இந்த வகை போர்டுகள்ல பெரும்பாலும் ராமை 1:1-க்குக் கீழே இறக்க வழி கிடையாது. "ஆட்டோ போட்டா போர்டே பார்த்துக்கும்"னு ஒரு சமாதானம் வேற. பல போர்டு பார்த்துக்காது. அதுமட்டுமில்ல, சிலது எஃப்எஸ்பி ஏற ஏற ப்ராசஸர் வோல்டேஜையும் தன்னிஷ்டத்துக்கு ஏத்திவிட்டுரும். 45 நானோமீட்டர் கோர் 2-க்கு இன்டெல் சொன்ன மேல்வரம்பே 1.3625 வோல்ட்தான். கையால போடுங்க. பயாஸ்ல 1.30 வெச்சா லோடுல அது கொஞ்சம் இறங்கித்தான் காட்டும், அது இயல்பு. அந்த இறக்கத்தைப் பார்த்து மேல மேல ஏத்துற வீரத்தை விட்டுருங்க.

அடுத்த எரிச்சல், "விண்டோஸ் வந்துருச்சுல்ல, அப்ப ஸ்டேபிள்தான்"ங்கிற பேச்சு. விண்டோஸ் வர்றதுக்கும் மெஷின் நிதானமா இருக்கிறதுக்கும் சம்பந்தமே இல்ல. மெமரியில ஒரு பிட் புரண்டாலும் திரை வரும், கர்சர் நகரும், எல்லாம் நல்லா இருக்கிற மாதிரியே இருக்கும். அந்தப் பிட் ஒரு போட்டோவுக்குள்ள விழுந்து, பாதிப் படம் சாம்பல் ஆகும். ரெஜிஸ்ட்ரியில விழுந்தா மூணு வாரம் கழிச்சு விண்டோஸே எந்திரிக்காது. அன்னிக்கு ஹார்ட் டிஸ்க் மேல பழி போடுவாங்க. அதனால சோதனை முடியிறவரைக்கும் ஹார்ட் டிஸ்க் கேபிளைக் கழட்டி வெச்சிட்டு, பென் டிரைவ்ல ராமைச் சோதிக்கிற மெம்டெஸ்ட்86+ போட்டு ஓட்டுங்க. ஒரு சுத்து போதாது, ராத்திரி முழுக்க ஓடணும். ஒரே ஒரு சிவப்பு வரி வந்தாலும் தோல்விதான். "ஒண்ணுதானே வந்துச்சு"ன்னு சிரிக்கிற ஆளுகிட்ட மெஷினைக் கொடுக்காதீங்க.

அந்தச் சிவப்பு வரியும் ராம் கெட்டதுக்கு அத்தாட்சி இல்ல. கோர் 2 காலத்துல ராமை நடத்துற மெமரி கன்ட்ரோலர் ப்ராசஸருக்குள்ள கிடையாது, போர்டுல நார்த்பிரிட்ஜ்ங்கிற சிப்ல இருக்கு. எஃப்எஸ்பி ஏறினா திணறுறது அதுதான். யார் குத்தவாளின்னு பிரிச்சுப் பார்க்க வழி இருக்கு. முதல்ல பிசிஐ எக்ஸ்பிரஸ் வேகத்தை 100-ல பூட்டுங்க, கடிகாரத்தை லேசா ஆட்டிவிடுற ஸ்ப்ரெட் ஸ்பெக்ட்ரத்தை நிறுத்துங்க. இ8400-ல மல்டிபிளையரை 6-க்கு இறக்கி எஃப்எஸ்பியை 400 வெச்சா ப்ராசஸர் 2.4-லதான் ஓடும், அதுக்கு அது சும்மா இருக்கிற மாதிரி. இப்பவும் எரர் வந்தா ப்ராசஸரைச் சந்தேகப்பட வேண்டாம். நாலு ஸ்டிக் இருந்தா ரெண்டைக் கழட்டிட்டு மறுபடி ஓட்டுங்க. அப்பவும் வந்தா நார்த்பிரிட்ஜ் வோல்டேஜை ஒரு படி ஏத்துங்க, அது மேல இருக்கிற ஹீட்சிங்க்கோட காய்ஞ்சுபோன பேஸ்ட்டை மாத்துங்க. இது தேறின பிறகுதான் மல்டிபிளையரை 9-க்குக் கொண்டுபோய், மெஷினை முழுசா வேலை வாங்குற ப்ரைம்95 ஓட்டணும். அதுல ஸ்மால் எஃப்எஃப்டிங்கிற சோதனை ப்ராசஸரையும் சூட்டையும் சோதிக்கும், பிளெண்ட் மெமரியையும் சேர்த்து இழுக்கும். ஸ்மால் தேறி பிளெண்ட் விழுந்தா எங்க பார்க்கணும்னு தெரிஞ்சுபோச்சு.

ராம் ஒவ்வொரு வேலைக்கும் எத்தனை கடிகாரச் சுத்து காத்திருக்கணும்ங்கிற டைமிங்ல நடக்கிற கூத்து தனி. ஒரு கம்பெனி 1 ஜிபி ஸ்டிக், இன்னொரு கம்பெனி 2 ஜிபி ஸ்டிக், ரெண்டையும் ஒண்ணாச் சொருகிட்டு 5-5-5-15னு எங்கயோ பார்த்ததை அடிக்கிறது. சின்ன நாலு எண்ணையும் பார்க்கிறவங்க டிஆர்எஃப்சியை, அதாவது ஒரு ரெஃப்ரெஷ் முடிய விடுற நேரத்தை, பார்க்கிறதே இல்ல. 512 மெகாபிட் சிப்புக்கு 105 நானோசெகண்ட் வேணும், 400-ல அது 42 சுத்து. 1 கிகாபிட் சிப்புக்கு 127.5, அதாவது 51 சுத்து. சின்ன ஸ்டிக்கோட 42-ஐப் பெரிய ஸ்டிக்குக்கும் போட்டா ரெஃப்ரெஷ் முடியிறதுக்குள்ள படிக்கச் சொன்ன மாதிரிதான். அடுப்புல அரிசி வேகிறதுக்குள்ள கஞ்சி வடிக்கிற வேலை.

சூடு இன்னொரு கொடுமை. மார்கழி ராத்திரியில சோதிச்சுட்டு "65 டிகிரி, சூப்பர்"னு சொல்றாங்க. கூலரால அறைச் சூட்டுக்குக் கீழ ஒரு டிகிரி கூட இறக்க முடியாது. அறை 26-ல இருந்து 37 ஆனா அந்த 11-ம் அப்படியே ப்ராசஸர் தலையில ஏறும். சோதிக்கிறதா இருந்தா சித்திரை மாசம் மதியம் ரெண்டு மணிக்குச் சோதிங்க. வளவுப் பக்கம் காத்து எவ்வளவு வந்தாலும் கேபினெட்டைக் கொண்டுபோய் மேஜைப் பெட்டிக்குள்ள திணிச்சா ஒண்ணும் நடக்காது. நம்ம செம்மண் தூசி ஃபேனுக்கும் அலுமினியத் தகடுகளுக்கும் நடுவுல கம்பளி மாதிரி படியும். மேலாப்ல ஊதினா போகாது, ஃபேனைக் கழட்டணும். இன்டெல் ஸ்டாக் கூலரோட நாலு பிளாஸ்டிக் ஊசியில ஒண்ணு சரியா இறங்காம தூக்கிக்கிட்டு நிக்கிறதைத்தான் அடிக்கடி பார்க்கலாம். போர்டுக்குப் பின்பக்கம் திருப்பி நாலும் வெளிய வந்திருக்கான்னு பாருங்க.

காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருப் பழம்பொருள் கடையில பர்மாத் தேக்கு நிலையும் பீங்கான் ஜாடியும் வருஷம் ஏற ஏற விலை ஏறும். மதர்போர்டு கெபாசிட்டர் அப்படி இல்லண்ணே, தலை உப்பினா அதுக்குக் காலம் முடிஞ்சிருச்சு. மின்வேதியியலுக்குன்னே மத்திய ஆராய்ச்சி நிலையம் இருக்கிற ஊரு இது. இங்க எலக்ட்ரோலைட் வத்திப்போன கெபாசிட்டரை ஒருத்தரும் குனிஞ்சு பார்க்கிறதில்லங்கிறதை என்ன சொல்ல! எஸ்எம்பிஎஸ்ஸும் (பவர் சப்ளை) அப்படித்தான். 450 வாட்னு ஸ்டிக்கர், கையில தூக்கினா அப்பளக்கட்டு கனம். ப்ரைம் ஓடும்போதே மஞ்சள் வயருக்கும் (12 வோல்ட்) கறுப்பு வயருக்கும் மல்டிமீட்டர் வெச்சுப் பாருங்க. 11.4-க்குக் கீழ போனா எந்த பயாஸ் வித்தையும் கைகொடுக்காது.

கோர் 2-க்கு அப்புறம் வந்த எச்61 போர்டுல ஐ5-2400 ப்ராசஸரை ஓவர்க்ளாக் பண்றேன்னு வீடியோ போடுறவங்களுக்கு ரெண்டே வார்த்தை. அந்த போர்டு மல்டிபிளையரை ஏத்த விடாது. மிச்சம் இருக்கிறது பிசிஎல்கேங்கிற 100 மெகாஹெர்ட்ஸ் அடிப்படைக் கடிகாரம். அதோடயே சாட்டாவும் பிசிஐ எக்ஸ்பிரஸும் கட்டியிருக்கிறதால அஞ்சாறு சதவீதம் தாண்டினாலே டிஸ்க் சண்டித்தனம் பண்ண ஆரம்பிச்சிரும். அதுக்கும் ராம் மேலதான் கேஸு.

இப்படியே கடையில "போன ராம்"னு கழட்டி டிராயர்ல போடுறாங்களே, அதை விட்டுட்டு வராதீங்க. காசு கொடுத்து வாங்கின உங்க பொருள், கையோட கேட்டு வாங்கிட்டு வாங்க. தங்க நிற முனையை ரப்பர்ல லேசாத் துடைச்சு, பயாஸை டீஃபால்ட்டுக்குக் கொண்டுவந்து, அந்த ஒத்த ஸ்டிக்கை மட்டும் சொருகி ராத்திரி மெம்டெஸ்ட் ஓட்டுங்க. விடியக்காலம் சிவப்பு வரி ஒண்ணுகூட இல்லைன்னா, அதே ஸ்டிக்கை எடுத்துக்கிட்டு அதே கடைக்குப் போங்க.