நான்கு பெயர்கள், ஒரு அஞ்சலட்டை

பிரெஞ்சு எழுத்தாளர் ஆன் பெரெஸ்ட் பற்றிய உங்கள் கட்டுரைக்கு நன்றி. ஒரு இடம் மட்டும் எனக்கு ஒட்டவில்லை. வலி தலைமுறை தாண்டி ரத்தத்தில் இறங்குகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். தன் குடும்பத்தின் உண்மைக் கதையை வைத்து அவர் எழுதிய 'அஞ்சலட்டை' நாவலைப் படித்தபோது எனக்கு ரத்தத்தைவிட மௌனம்தான் பெரிதாகத் தெரிந்தது.

2003 ஜனவரியில் அவருடைய அம்மாவின் வீட்டுக்கு ஓர் அட்டை வருகிறது. முன்பக்கம் பாரிஸ் ஓபரா கட்டடம். பின்பக்கம் எப்ராயிம், எம்மா, நொயெமி, ழாக் என்று நான்கே பெயர்கள், அனுப்பியவர் கையெழுத்துகூட இல்லை. எப்ராயிமும் எம்மாவும் கணவன் மனைவி, மற்ற இருவர் அவர்களுடைய பிள்ளைகள். நால்வருமே 1942இல் ஆஷ்விட்ஸ் என்ற நாஜி வதைமுகாமுக்கு அனுப்பப்பட்டுத் திரும்பாதவர்கள். தப்பிய ஒரே மகள் மிரியம்தான் ஆனின் பாட்டி. அவர் அதைப் பற்றிக் கடைசிவரை வாய் திறக்கவில்லை. ஆனால் பேத்திகளில் ஆனுக்கு நடுப்பெயர் மிரியம், அவருடைய தங்கை கிளேருக்கு நொயெமி! பேச்சு வராத வீட்டில் பெயர் மட்டும் எப்படியோ கைமாறிவிட்டது.

(துப்பறியும் கதை போல நகர்கிறது என்று என் நண்பர் குறைப்பட்டார். எனக்கு அதுதான் பிடித்தது.)

அப்புறம், எப்ராயிமை நீங்கள் தொடவே இல்லையே? ரஷ்யா, லாத்வியா, பாலஸ்தீனம் என்று அலைந்து பிரான்சுக்கு வந்தவர். பிரெஞ்சுக் குடியுரிமைக்காக விண்ணப்பித்துக் காத்துக் கிடக்கிறார். நாஜிகள் பிரான்சை ஆக்கிரமித்த பிறகும், விதிப்படி நடந்தால் ஒன்றும் ஆகாது என்று நம்பி, யூதர் என்று தானே போய்ப் பதிவும் செய்துகொள்கிறார். அந்தப் பக்கங்களில் புத்தகத்தை மூடிவைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன்.