அக்காவின் கட்டைவிரலும் 1909-ல் எழுதிய ஒரு கதையும்

"சுஜாதா அப்பவே சொல்லிட்டாருப்பா." செயற்கை நுண்ணறிவு பற்றி எந்தச் செய்தி வந்தாலும் எங்கள் ஊர் டீக்கடையில் ஒருவராவது இதைச் சொல்லிவிடுவார். சுஜாதா கதையில் வருகிற ஜீனோ என்ற இயந்திர நாய்க்குட்டியைத் தவிர அவருக்கு வேறெதுவும் ஞாபகம் இருக்காது, அது வேறு விஷயம். அறிவியல் கதைகளைக் கிளி ஜோசியம் ஆக்கிவிட்டோம். எந்தச் சீட்டு பலித்தது என்பதோடு பேச்சு முடிந்துவிடுகிறது.

பலித்ததற்குக் குறைவில்லைதான். எச்.ஜி. வெல்ஸ் 1914-லேயே அணுகுண்டு என்று பெயர் சொல்லிக் கதை எழுதினார். அதை 1932-ல் படித்த இயற்பியலாளர் லியோ சிலார்டுக்கு, மறு வருஷம் லண்டன் சாலையைக் கடக்கும்போது அணுத் தொடர்வினை யோசனை உதித்தது. ரோபோ என்ற சொல்லும் கரெல் சாபெக் 1920-ல் எழுதிய நாடகத்தில் வந்ததுதான். செக் மொழியில் கட்டாய உழைப்பைக் குறிக்கும் சொல்லிலிருந்து பிறந்தது. அந்த முதல் நாடகத்திலேயே ரோபோக்கள் மனிதர்களைக் கொன்று தீர்க்கின்றன. சினிமாக்காரர்கள் இன்னும் அதே மாவைத்தான் அரைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

எனக்கு இதிலெல்லாம் பெரிய பயம் வந்ததில்லை. பயம் வந்தது இ.எம். ஃபார்ஸ்டர் 1909-ல் எழுதிய 'தி மெஷின் ஸ்டாப்ஸ்' படித்தபோது. மனிதர்கள் பூமிக்கடியில் ஆளுக்கொரு அறையில் வாழ்கிறார்கள். சாப்பாடு, பாட்டு, வைத்தியம் எல்லாம் பட்டனை அமுக்கினால் வரும். வாஷ்டி என்ற அம்மா பூமியின் ஒரு பக்கம், மகன் கூனோ மறுபக்கம். ஒரு வட்டத் தட்டில் முகம் பார்த்துப் பேசிக்கொள்கிறார்கள். வீடியோ காலை அன்றே சொல்லிவிட்டார் என்று இதைத்தான் எல்லோரும் கொண்டாடுகிறார்கள். நான் விடாமல் நினைத்துக்கொண்டிருப்பது அதற்கப்புறம் வருகிற ஒரு சின்ன இடத்தை. வாஷ்டி கேட்கிற பாட்டின் நடுவே மூச்சு இரைப்பது மாதிரி ஒரு சத்தம் வருகிறது. புகார் கொடுக்கிறாள். முறைப்படி அனுப்பி வைக்கப்படும் என்று பதில். ஒன்றும் நடக்கவில்லை. கொஞ்ச நாளில் அந்த இரைச்சலும் பாட்டில் ஒரு பகுதி என்று அவள் காது ஏற்றுக்கொள்கிறது. அடுத்துக் குளிக்கிற தண்ணீர் நாறுகிறது, அதற்கும் பழகிவிடுகிறார்கள். மொத்த இயந்திரமும் எப்படி ஓடுகிறது என்று தெரிந்த ஆள் ஒருவர்கூடக் கிடையாது. கும்பிடவே தொடங்கிவிடுகிறார்கள்.

நான் தேனி மாவட்டக் கூடலூரில் சின்ன ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். கைரேகை வைத்துப் பணம் எடுத்துத் தருகிற மிஷினும் உண்டு. விடியுமுன் ஜீப் ஏறி, லோயர்கேம்ப் தாண்டி, கேரள எல்லையில் குமுளி மேலே ஏலக்காய்த் தோட்டங்களுக்குப் போகிற பெண்கள்தான் பாதி வாடிக்கை. காய் எடுத்து, களை வெட்டி, வருஷக்கணக்கில் மண்ணைக் கிண்டிய விரல்கள். ரேகை தேய்ந்து, கறை ஏறி, கட்டைவிரல் நுனி பழைய செருப்புத்தோல் மாதிரி இருக்கும். மிஷினில் வைத்தால் சிவப்பு விளக்கு. சோப்புப் போட்டுக் கழுவி வருவார்கள். சிவப்பு. விரலைத் தலைமுடியில் நாலு தேய்ப்புத் தேய்த்து வைப்பார்கள். சில நாள் அதில் விழும். இல்லாவிட்டால் பத்து விரலுக்கும் ஒரு சுற்று.

இயந்திரம் நம்மை ஓயாமல் வேவு பார்க்கும் என்றுதான் எத்தனையோ கதைகள் பயமுறுத்தின. இங்கே என்னவென்றால் அக்கா முழுசாக முன்னால் உட்கார்ந்திருக்கிறார், மிஷின் ஆள் தெரியவில்லை என்கிறது. அதைவிட எனக்கு வயிற்றெரிச்சல், அவர்கள் ஒருத்தர்கூட மிஷினைக் குறை சொல்வதில்லை என்பது. "என் கைதான் சரியில்ல தம்பி" என்கிறார்கள். நான் ஒரு நோட்டில் தேதி போட்டு எத்தனை தடவை விழவில்லை என்று எழுதிவைத்து, மிஷின்காரர்களுக்கு மூன்று முறை போன் செய்தேன். "மேல அனுப்பியிருக்கோம் சார்." ஃபார்ஸ்டர் ஞாபகம் வராமல் என்ன செய்யும்?

இதே பழக்கம்தான் வீடியோ காலிலும். என் தங்கையைக் கட்டிக்கொடுத்தது நெடுங்கண்டம் பக்கம். மழை பிடித்தால் பேசும்போதே முகம் உறையும், வாய் ஒரு பக்கம் போகும், குரல் பின்னால் வரும். அதுதான் அவள் என்று பழகிவிட்டோம். அந்த வட்டத் தட்டு முகத்தின் நுணுக்கங்களைக் காட்டாது, ஏதோ உத்தேசமாகத்தான் காட்டும், காரியத்துக்கு அது போதும் என்று மக்கள் விட்டுவிட்டதாக ஃபார்ஸ்டர் எழுதுகிறார். அந்தப் 'போதும்' வழியாகத்தான் திருடன் வருகிறான். 2023 ஜூலையில் கோழிக்கோட்டில் ஒருவர், பழைய சக ஊழியரின் முகமும் குரலும் வீடியோ காலில் வந்து ஆஸ்பத்திரிச் செலவுக்குக் கேட்டதும் 40,000 ரூபாய் அனுப்பிவிட்டார். அது செயற்கை நுண்ணறிவு செய்த முகம். மறுபடி பணம் கேட்டபோதுதான் அவருக்குச் சந்தேகம் வந்தது.

டீக்கடைக்காரர்கள் சுஜாதாவில் ஞாபகம் வைத்திருக்க வேண்டியது இதைத்தான். 1980-களில் வந்த 'என் இனிய இயந்திரா'வில் நாட்டையே ஆள்கிற ஜீவா, கடைசியில் பார்த்தால் வெறும் ஒளிப்பிம்பம். (படிக்காதவர்கள் மன்னிக்கவும்.)

எல்லையில் இருக்கிறவனுக்கு இது வெறும் கதை இல்லை. 2011 டிசம்பரில் முல்லைப் பெரியாறு அணை விவகாரம் முற்றியபோது குமுளி ரோடு அடைபட்டது. தோட்டத்துக்குப் போன நம் ஆட்கள் காட்டுவழியே நடந்து இறங்கினார்கள். அன்றைக்குக் கையில் இருந்தது பட்டன் போன். வாய்வழிச் செய்திக்கே ஜனம் அப்படி ஓடியது. அணை உடைந்த மாதிரி ஒரு வீடியோவை இன்று எந்தப் பையனும் வீட்டில் உட்கார்ந்து செய்துவிடலாம். கொஞ்சம் மங்கலாக இருந்தால் இன்னும் நம்புவோம், மலைமேல் சிக்னல் அப்படித்தான் என்று.

போன சனிக்கிழமை சாயங்காலம் ஜீப்பை விட்டு இறங்கி ஓர் அக்கா வந்தார். ஏழு தடவை சிவப்பு. எட்டாவது தடவை இடது மோதிர விரலில் பச்சை. எண்ணூறு ரூபாயை எண்ணி முந்தானையில் முடிந்துகொண்டார். திரும்பிப் போகுமுன் மிஷினை லேசாகத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

"இன்னைக்கு நல்ல மனசுல இருக்கு தம்பி, ஆஃப் பண்ணிராத. பின்னாடி எங்க மதினி வருது."